குண்டாவதற்காக ஓர் ஊர்!

தாம்பரம் போகும் மின்சார ரயிலில், குரோம்பேட்டை தாண்டியதும் ஒரு ஸ்டேஷன் வரும். தாம்பரம் சானடோரியம். தினமும் ஆயிரக்கணக்கான பேர் அங்கே இறங்கி, மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தை நோக்கி ஓடுகிறார்கள். சானடோரியம் என்றால் என்ன என்று யாராவது நின்று யோசித்திருப்பார்களா? சந்தேகம்தான். 8.30 ஷிஃப்டுக்கு 8.25-க்கு வந்து இறங்குகிறவருக்குச் சரித்திரம் எதற்கு?

ஆனால், நமக்கு வேண்டும். ஏனென்றால், இன்றைக்கு நாம் பேசப் போவது உடம்பு இளைப்பதைப் பற்றி. இளைத்த உடம்பை இளைத்தபடியே வைத்துக்கொள்வதைப் பற்றி. அதற்கும் இந்த ஸ்டேஷன் பெயருக்கும் ஒரு விசித்திரமான சம்பந்தம் இருக்கிறது.

எலும்புருக்கி என்று நம் பாட்டிமார்கள் பயந்து பயந்து சொன்ன நோய், டி.பி. 'க்ஷயம்' என்றும் சொல்வார்கள். தேய்ந்து போவது என்று அர்த்தம். வந்தால் ஆள் கரைந்துகொண்டே போவான். மருந்து? கிடையாது. 1940-களில் ஸ்ட்ரெப்டோமைசின் வரும்வரை உலகம் முழுக்க டாக்டர்கள் கையில் இருந்தவை மூன்றே விஷயங்கள்தான். சுத்தமான காற்று, முழு ஓய்வு, சத்தான சாப்பாடு. இந்த மூன்றையும் ஒரே இடத்தில் கொடுக்கிற ஆஸ்பத்திரிக்குப் பெயர்தான் சானடோரியம்.

1928-ல் டாக்டர் டேவிட் சௌரி முத்து என்பவர், தாம்பரத்தில் சுமார் 250 ஏக்கரில் ஒரு சானடோரியம் ஆரம்பித்தார். முதலில் வெறும் 12 படுக்கைகள். 1937-ல் அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது. இன்றைக்கு அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. அந்தக் காலத்துத் தாம்பரம், பட்டணத்துப் புகை எட்டாத காட்டுப் பகுதி. காற்று நன்றாக இருந்தது. (இப்போது ஜி.எஸ்.டி. ரோட்டில் பல்லாவரம் சிக்னலில் நிற்கிறவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படித்துப் பெருமூச்சு விடலாம்.)

சானடோரியங்களில் ஒரு நோயாளி தேறுகிறாரா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? எடை மெஷின்! ஏறினால் சந்தோஷம். இறங்கினால் எல்லார் முகமும் இறங்கிவிடும்.

ஆக, ஒரு காலத்தில் ஜனங்கள் தாம்பரத்துக்கு வந்ததே எடை கூட்டத்தான். இன்று அதே சுற்றுவட்டாரத்தில், அதே மெஷின்மேல் ஏறி நின்றுகொண்டு, முள் கொஞ்சம் கீழே இறங்காதா என்று ஏங்குகிறோம். 100 வருஷத்துக்குள் தலைகீழ்!

டாக்டர் முத்துவிடம் தாம்பரத்துக்கு முன்பே ஒரு பிரபலமான நோயாளி இருந்தார். கணித மேதை ராமானுஜன். முத்து அப்போது இங்கிலாந்தில், மென்டிப் மலைப் பகுதியில் சானடோரியம் நடத்திக்கொண்டிருந்தார். 1914-ல் ராமானுஜன் கப்பலேறியபோது, அதே கப்பலில் இவரும் பயணி. மூன்றே வருஷத்தில், அந்தச் சக பயணியின் சானடோரியத்திலேயே ராமானுஜன் நோயாளியாகப் போய்ப் படுக்க வேண்டி வந்தது.

ராமானுஜன் இயல்பில் ஒல்லி ஆசாமி இல்லை என்பது பலருக்குத் தெரியாது. வேலை தேடி நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவிடம் போனபோது, 'குட்டையான, தடித்த உருவம்' என்கிற ரீதியில்தான் அவர் இவரை வர்ணித்திருக்கிறார். போர்க்காலத் தட்டுப்பாடு, குளிர், சைவச் சாப்பாட்டுக்குப் பட்ட பாடு, நோய் எல்லாம் சேர்ந்து அந்த உடம்பைக் கரைத்துவிட்டன. 1919-ல் எலும்பும் தோலுமாகத் திரும்பினார். அடுத்த வருஷம், ஏப்ரல் 26-ம் தேதி, சேத்துப்பட்டில் இறந்தார். வயது 32.

இந்தக் கதையை இப்போது எதற்குச் சொல்கிறேன்? இளைப்பது என்றாலே ஆரோக்கியம் என்று நினைப்பது ரொம்பப் புதிய பழக்கம். நம் தாத்தாக்களுக்கு, 'என்னப்பா இளைச்சுட்டே?' என்பது கவலையோடு கேட்கிற கேள்வி. அதற்குக் காரணம் இருந்தது.

அதே சேத்துப்பட்டில்தான் அடுத்த அத்தியாயம்.

1956-ல் அங்கே டி.பி. சிகிச்சை ஆராய்ச்சி மையம் ஒன்று தொடங்கப்பட்டது. அப்போது மாத்திரைகள் வந்துவிட்டன. அந்த மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர் சானடோரியத்தில் வருஷக்கணக்கில் படுத்துக் கிடக்கத்தான் வேண்டுமா, வீட்டிலிருந்தபடியே சாப்பிட்டால் போதாதா என்பது கேள்வி. சென்னை ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேர் சானடோரியத்துக்கு. பாதிப் பேர் வீட்டுக்கு.

சானடோரியம் போனவர்களுக்கு நல்ல சாப்பாடு, நல்ல ஓய்வு. வீட்டிலிருந்தவர்களுக்கு அதே நெரிசல், அதே அரைவயிறு. ஒரு வருஷம் கழித்து எடை பார்த்தால், எதிர்பார்த்த மாதிரியே, சானடோரியம்காரர்கள்தான் அதிகமாக ஏறியிருந்தார்கள். சரி, நோய்?

இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி குணமாகியிருந்தது!

1959-ல் முடிவுகள் வெளியானதும் உலகமே நிமிர்ந்து உட்கார்ந்தது. டி.பி. சிகிச்சை வீட்டுக்கு வந்தது. சானடோரியங்கள் ஒவ்வொன்றாகத் தேவையற்றுப் போயின. 'மெட்ராஸ் பரிசோதனை' என்று மருத்துவ உலகம் இன்றைக்கும் அதைக் கொண்டாடுகிறது. அதில் நமக்கு ஒரு குட்டிப் பாடம் உண்டு. எடை ஓர் அடையாளம். அவ்வளவுதான். முள் எங்கே நிற்கிறது என்பது வேறு, உள்ளே என்ன நடக்கிறது என்பது வேறு. இந்தப் பாடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

தாம்பரம் ஆஸ்பத்திரியின் மெஷின் மட்டும் ஓய்வெடுக்கவில்லை. 1993-லிருந்து எய்ட்ஸ் நோயாளிகள் அங்கே வர ஆரம்பித்தார்கள். ஆப்பிரிக்காவில் அந்த நோய்க்கு ஜனங்கள் வைத்த பெயரே 'ஸ்லிம்'! 2004 ஏப்ரலில் மத்திய அரசு இலவசமாகக் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கியபோது, முதலில் தேர்ந்தெடுத்த எட்டு ஆஸ்பத்திரிகளில் தாம்பரமும் ஒன்று. மறுபடியும் அங்கே, எடை ஏறியது என்றால் உயிர் திரும்பியது என்று அர்த்தம்.

ஆஸ்பத்திரிக்கு உள்ளே இப்படி. வெளியே?

தேசியக் குடும்பநல ஆய்வு என்று மத்திய அரசு சில வருஷங்களுக்கு ஒரு முறை எடுக்கிறது. 2019-21 கணக்குப்படி தமிழ்நாட்டில் 15-லிருந்து 49 வயதுக்குள் இருக்கும் பெண்களில் நூற்றுக்கு 40 பேர் அதிக எடை அல்லது பருமன். ஆண்களில் 37 பேர். அதற்கு முந்தைய 2015-16 ஆய்வில் இதுவே 31, 28 என்று இருந்தது. ஒரே ஆய்வு இடைவெளியில் ஒன்பது பேர் கூடிவிட்டார்கள்.

என்ன ஆச்சு? எல்லாரும் திடீரென்று பேராசை பிடித்துச் சாப்பிட ஆரம்பித்துவிட்டோமா? கதை அப்படி இல்லை. 1931-ல் பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் மின்சார ரயில் ஓட ஆரம்பித்ததிலிருந்து பல தலைமுறைகளுக்கு, தென் புறநகரின் வாழ்க்கை ரயிலோடு கட்டப்பட்டிருந்தது. செலையூரிலிருந்தோ, முடிச்சூர் ரோட்டிலிருந்தோ ஸ்டேஷனுக்கு நடை அல்லது சைக்கிள். படியேறி இறங்குவது. பார்க்கிலோ எக்மோரிலோ இறங்கி ஆபீஸுக்கு மறுபடியும் நடை. சாயங்காலம் எல்லாம் ரிவர்ஸில். யாரும் அதை எக்சர்சைஸ் என்று சொல்லவில்லை. ஆபீஸ் போவது என்றுதான் சொன்னார்கள். பிறகு ஸ்கூட்டர் வந்தது, பைக் வந்தது, கம்பெனி கேப் வாசலுக்கே வந்தது. நடை போனது. மூன்று வேளை அரிசி மட்டும் அப்படியே இருந்தது.

இன்னொரு சிக்கல் நம் உடம்பின் அமைப்பு. 2004-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் இரண்டு டாக்டர்களின் படம் வந்தது. ஒருவர் புனேயைச் சேர்ந்த யாஜ்னிக். இன்னொருவர் லண்டன்காரர் யுட்கின். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் கணக்கான பி.எம்.ஐ. ஒன்றேதான். 22.3. பார்க்க இருவருமே ஒல்லி. ஆனால், உடம்பிலுள்ள கொழுப்பை அளந்தால் யுட்கினுக்கு 9.1 சதவிகிதம். நம்மவருக்கு 21.2! ஒல்லியாகத் தெரிகிற இந்தியர் உள்ளுக்குள் குண்டாக இருக்கலாம். அதனால்தான் இந்திய டாக்டர்கள் 2009-ல் கூடிப் பேசி, நமக்கான எல்லைகளைக் குறைத்தார்கள். பி.எம்.ஐ. 23 தாண்டினாலே அதிக எடை. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. இன்ச் டேப் எடுங்கள். மூச்சை உள்ளே இழுக்காமல் அளக்க வேண்டும்!

சரி சார், அளந்தாச்சு. தாண்டியாச்சு. என்ன செய்வது?

இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டு அலைந்தவர்களில் சரித்திரப் புகழ் பெற்றவர் ஒருவர் உண்டு. அதற்கு லண்டன் போக வேண்டும். ஆள் பெயர் வில்லியம் பான்டிங். தொழில், சவ ஊர்வலம் நடத்துவது. அரச குடும்பத்துச் சாவுகளுக்கே இவர்கள் கம்பெனிதான். உயரம் ஐந்தடி ஐந்தங்குலம். 1862-ல் எடை 202 பவுண்டு. அதாவது, சுமார் 92 கிலோ. குனிந்து ஷூ லேஸ் கட்ட முடியாது. மாடிப்படியில் பின்பக்கமாகத்தான் இறங்குவார்.

தினமும் காலையில் தேம்ஸ் நதியில் படகு வலித்துப் பார்த்தார். உடம்பில் பலம் ஏறியது. கூடவே அகோரப் பசியும் ஏறியது. நன்றாகச் சாப்பிட்டார். இன்னும் குண்டானார்! (காலையில் வாக்கிங் முடித்துவிட்டு, வழியில் நெய் பொங்கலும் வடையும் சாப்பிடுகிற நண்பர்கள் இங்கே ஒரு நிமிஷம் மௌனம் அனுஷ்டிக்கவும்.)

கடைசியில், காது சரியாகக் கேட்கவில்லை என்று வில்லியம் ஹார்வி என்ற டாக்டரிடம் போனார். அவர் காதைப் பார்த்துவிட்டு, கோளாறு சாப்பாட்டில் என்றார். ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கு, பீர், பால், வெண்ணெய் எல்லாவற்றுக்கும் தடை. பான்டிங் கேட்டுக்கொண்டார். சுமார் ஒரு வருஷத்தில் 46 பவுண்டு குறைந்து, 156 பவுண்டு ஆனார். சந்தோஷம் தாங்காமல் 1863-ல் சொந்தச் செலவில் ஒரு சின்னப் புத்தகம் போட்டார். அது பிய்த்துக்கொண்டு போனது. அவர் பெயரே வினைச்சொல் ஆகிவிட்டது. 'நீ பான்ட் பண்றியா?' என்றால் 'டயட்ல இருக்கியா?' என்று அர்த்தம். இன்றைக்குக் கடைகளில் கிடைக்கும் அத்தனை டயட் புத்தகங்களுக்கும் அதுதான் கொள்ளுத்தாத்தா.

ஆனால், எல்லாரும் மறந்துவிடுகிற விஷயம் ஒன்று. பான்டிங் அதற்குப் பிறகு 15 வருஷம் வாழ்ந்தார். 81 வயதில், 1878-ல்தான் போனார். இளைத்ததும் பழைய சாப்பாட்டுக்கு அவர் திரும்பவில்லை. ஹார்வி சொன்னதையே தன் வழக்கமான சாப்பாடாக மாற்றிக்கொண்டார்.

மற்றவர்களால் ஏன் அது முடிவதில்லை? இங்கேதான் கணக்கு உதைக்கிறது.

1958-ல் மேக்ஸ் விஷ்னோஃப்ஸ்கி என்ற டாக்டர் ஒரு கணக்குப் போட்டார். ஒரு பவுண்டு எடை குறைய 3,500 கலோரி குறைய வேண்டும். அதை வைத்துக்கொண்டு எல்லாரும் ஆரம்பித்துவிட்டார்கள். தினமும் 500 கலோரி குறைவாகச் சாப்பிடு, வாரத்துக்கு ஒரு பவுண்டு போகும். பி.காம் படித்த எனக்கு ரொம்பப் பிடித்த மாதிரியான கணக்கு. வரவு, செலவு, மீதி. ஆனால், இதை அப்படியே நீட்டிப் பாருங்கள். வருஷத்துக்கு 52 பவுண்டு. மூன்று வருஷத்தில் 156 பவுண்டு. பான்டிங் இளைத்த பிறகு இருந்த மொத்த எடையே அவ்வளவுதான். ஆளே காணாமல் போயிருப்பார்!

நிஜத்தில் அப்படி நடப்பதில்லையே, ஏன்? உடம்பு ஒரு சாமர்த்தியமான குடும்பத் தலைவி. வருமானம் குறைந்தால் உடனே செலவைக் குறைத்துவிடும்.

இதை ஓர் ஆராய்ச்சி அப்பட்டமாகக் காட்டியது. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டம். ஐரோப்பாவில் பட்டினி. பட்டினி கிடந்தவர்களை எப்படித் தேற்றுவது என்று தெரிந்துகொள்ள, 1944 நவம்பரில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி 36 இளைஞர்களைச் சேர்த்தார். கொலை செய்ய மனசாட்சி இடம் தராது என்று போருக்குப் போக மறுத்தவர்கள். முதலில் நன்றாகச் சாப்பாடு போட்டுவிட்டு, பிறகு 24 வாரம் அரைப் பட்டினி. சுமார் 1,600 கலோரி. கவனியுங்கள், இன்றைய டயட் சார்ட்டுகள் பலவற்றில் இதைவிடக் குறைவாகவே எழுதியிருக்கும்.

எடையில் கால்வாசி போனது. நாடித்துடிப்பு மெதுவானது. எப்போதும் குளிர் எடுத்தது. சும்மா படுத்திருக்கும்போது உடம்பு எரிக்கும் சக்தி சுமார் 40 சதவிகிதம் குறைந்துவிட்டது. சிரிப்பு போனது. பெண் ஆசை போனது. சாப்பாட்டு ஆசை மட்டும் பூதாகாரமாக வளர்ந்தது. சமையல் புத்தகங்களை நாவல் மாதிரிப் படித்தார்கள். தட்டை நக்கினார்கள். பட்டினி முடிந்த பிறகு, வயிறு முட்டச் சாப்பிட்டும் பசி அடங்கவில்லை. பலருக்கு முன்பைவிட அதிகக் கொழுப்பு சேர்ந்துவிட்டுத்தான் அடங்கியது.

இவர்கள் சோம்பேறிகளா? கொள்கைக்காகப் பட்டினி கிடக்க முன்வந்தவர்கள்! மன உறுதி இல்லாததால்தான் திரும்ப எடை போடுகிறோம் என்று தங்களையே திட்டிக்கொள்கிற எல்லாரும், குறிப்பாகப் பெண்கள், இந்த 36 பேரை நினைத்துக்கொள்ள வேண்டும்.

கிட்டத்தட்ட 65 வருஷம் கழித்து இதே பாடம் டி.வி-யில் நடந்தது. 'தி பிக்கஸ்ட் லூசர்' என்று ஓர் அமெரிக்க நிகழ்ச்சி. குண்டானவர்களை அடைத்து வைத்து, பல மணி நேரம் ஓடவிட்டு, யார் அதிகம் இளைக்கிறார்கள் என்று போட்டி. 2009-ல் கலந்துகொண்ட 14 பேரை, ஆறு வருஷம் கழித்து ஆராய்ந்தார்கள். போட்டியில் சராசரியாகக் குறைந்தது 58 கிலோ. திரும்ப வந்தது 41 கிலோ. அது மட்டுமில்லை. அந்த எடைக்கு உடம்பு எரிக்க வேண்டியதைவிட, தினம் சுமார் 500 கலோரி குறைவாகவே எரித்துக்கொண்டிருந்தது. ஆறு வருஷம் ஆகியும் உடம்பு சிக்கன நடவடிக்கையைக் கைவிடவில்லை!

இப்போது ஊசிகள் வந்திருக்கின்றன. 2025-ல் இந்தியாவிலும் எடைக்கென்றே விற்பனைக்கு வந்துவிட்டன. பசியை அடக்குகிற ஹார்மோனைப் போல நடிக்கிற மருந்து. நிஜமாகவே வேலை செய்கிறது. டாக்டர் சொன்னால் போட்டுக்கொள்ளலாம். தப்பில்லை. ஆனால், அவற்றில் ஒன்றான செமாக்ளூடைடை நிறுத்தியவர்களைக் கவனித்தபோது, ஒரே வருஷத்தில் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப வந்திருந்தது. 2022-ல் வெளியான முடிவு இது. ஊசியானாலும் பட்டினியானாலும், நிறுத்தினால் உடம்பு பழைய பாக்கியை வசூலிக்க வந்துவிடும்.

அப்படியென்றால் குறைத்துவிட்டுத் தக்கவைத்தவர்கள் உலகத்தில் யாருமே இல்லையா? இருக்கிறார்கள். 1994-ல் ரீனா விங், ஜேம்ஸ் ஹில் என்ற இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், தோற்றவர்களை விட்டுவிட்டு ஜெயித்தவர்களைத் தேட ஆரம்பித்தார்கள். குறைந்தது 13.6 கிலோ குறைத்து, ஒரு வருஷமாவது தக்கவைத்தவர்களுக்கு ஒரு பதிவேடு. ஆயிரக்கணக்கான பேர் சேர்ந்தார்கள். குறைத்த வழி ஆளுக்கொன்று. ஆனால், தக்கவைத்த வழியைக் கேட்டால் கிட்டத்தட்ட ஒரே பாட்டு. பத்தில் ஒன்பது பேர் தினம் சராசரியாக ஒரு மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறார்கள். பெரும்பாலும் நடை. நான்கில் மூன்று பேர் வாரம் ஒரு முறையாவது எடை பார்க்கிறார்கள். காலைச் சாப்பாட்டைத் தவறவிடுவதில்லை. டி.வி. குறைவு. ஒரே ஆறுதல், இரண்டு மூன்று வருஷம் தாக்குப்பிடித்துவிட்டால் அப்புறம் சுலபமாகிறது என்கிறார்கள்.

'அமெரிக்காக்காரனுக்கு நேரம் இருக்கு, பூங்கா இருக்கு. காலையில 6.40 வண்டியைப் பிடிக்கிற எனக்கு?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயம். சென்னைக்குத் திரும்புவோம்.

2006-ல் சென்னை டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழு ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டது. சர்க்கரை நோயின் வாசலில் நிற்கிற 531 நடுத்தர வர்க்கத்தினர். ஆபீஸ் போகிறவர்களும் அவர்கள் குடும்பத்தினரும். ஒரு பிரிவுக்குப் பெரிய டயட் எதுவும் இல்லை. சர்க்கரை, எண்ணெய், மாவுப் பண்டங்களைக் குறையுங்கள். தினம் 30 நிமிஷம் நடங்கள். ஏற்கெனவே நடப்பவரா, சைக்கிள் ஓட்டுபவரா? அதையே தொடருங்கள். அவ்வளவுதான். மூன்று வருஷம் கழித்துப் பார்த்தால், ஒன்றும் செய்யாத பிரிவில் 100-க்கு 55 பேருக்குச் சர்க்கரை வந்துவிட்டது. இவர்களில் 39 பேருக்குத்தான். ஆபத்து 28.5 சதவிகிதம் குறைந்தது.

இதில் ஆச்சரியம் என்ன தெரியுமா? இவர்களுடைய எடை ஒன்றும் பெரிதாகக் குறையவில்லை! எடை மெஷினை மட்டும் பார்த்திருந்தால், 'சே, ஒண்ணும் பிரயோஜனமில்லை' என்று மூன்றாவது மாதமே விட்டிருப்பார்கள். சேத்துப்பட்டுப் பாடம் ஞாபகம் இருக்கிறதா? முள் வேறு, உள்ளே நடப்பது வேறு.

அமெரிக்காவில் இதே மாதிரி நடந்த பெரிய ஆராய்ச்சியிலும் கடைசியில் இதுதான் தெரிந்தது. முதலில் நன்றாக இளைத்தவர்களுக்குப் பத்து வருஷத்தில் எடை பெரும்பாலும் திரும்ப வந்துவிட்டது. ஆனால், சர்க்கரை நோய் வரும் வேகம் அப்போதும் மற்றவர்களைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவாகவே இருந்தது. நடந்த நடை எதுவும் வீணாகவில்லை.

அடுத்தது இன்னும் முக்கியம். 1990-களின் பின்பாதியில் டாக்டர் வி.மோகன் குழுவினர் சென்னையில் இரண்டு குடியிருப்புகளை ஆராய்ந்தார்கள். ஒன்று, திருமங்கலத்தில் நடுத்தர வர்க்கத்தினர் வாழும் ஆசியாட் காலனி. இன்னொன்று, தி.நகரில் ஏழைகள் வாழும் பாரதி நகர். காலனியில் 100-க்கு 12.4 பேருக்குச் சர்க்கரை. பாரதி நகரில் 6.5 தான். டாக்டர்கள் காலனிக்காரர்களைக் கூட்டி வைத்து, நடப்பதன் அருமையை விளக்கினார்கள். ஜனங்கள் கேட்டார்கள். கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. தாங்களே பணம் திரட்டி, நடப்பதற்குப் பாதையோடு ஒரு பூங்கா கட்டிவிட்டார்கள்!

ஆரம்பத்தில் வாரம் மூன்று நாளுக்கு மேல் உடற்பயிற்சி செய்தவர்கள் நூற்றுக்கு 14 பேர். 2004-ல் எண்ணியபோது 59 பேர். பத்து வருஷம் கழித்து சர்க்கரை நோயை அளந்தார்கள். காலனியில் 15.4. கொஞ்சம்தான் ஏறியிருந்தது. பாரதி நகரில்? 15.3. இரண்டு மடங்குக்கும் மேல்! நடுத்தர வர்க்கத்து வியாதி என்று சொல்லிக்கொண்டிருந்தோம். பத்தே வருஷத்தில் ஏழைகள் அதை எட்டிப் பிடித்துவிட்டார்கள். பூங்கா ஒன்றுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால், ஒரு பக்கம் நடக்க இடமும் கூட நடக்க ஆளும் இருந்தன என்பதை மறுக்கவும் முடியாது.

பாதை இருந்ததால் நடந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் நடந்ததால் இவரும் நடந்தார். ஒரு நாள் போகாவிட்டால், 'என்ன சார், நேத்து காணோம்?' என்று கேட்க ஓர் ஆள் இருந்தார். பழைய மின்சார ரயில் வாழ்க்கை கேட்காமலே கொடுத்த நடையை, இவர்கள் காசு போட்டு, திரும்ப வாங்கினார்கள்.

தென் புறநகரிலும் இதற்கு விதை விழுந்திருக்கிறது. 2019-ல் சென்னையே குடத்தோடு தெருவில் நின்ற கோடையில், சிட்லபாக்கத்துக்காரர்கள் தங்கள் ஏரியில் இறங்கிக் குப்பை அள்ளினார்கள். விடாமல் மனு கொடுத்தார்கள். பிறகு அரசாங்கம் நிதி ஒதுக்கியது. கரை பலப்பட்டது. கரைமேல் நடைபாதை வந்தது. தண்ணீருக்காகக் காப்பாற்றிய ஏரி, உடம்புக்கும் வழி விட்டது. 2021-ல் தாம்பரம் மாநகராட்சியும் ஆகிவிட்டது. நம் வார்டு கவுன்சிலரிடம் தெருவிளக்கும் தண்ணீரும் கேட்கிற மாதிரி, கால் வைத்து நடக்க ஒரு பிளாட்பாரமும் கேட்கலாம். அதுவும் மருத்துவச் செலவுதான்.

இனி உங்கள் வீட்டுக் கணக்குக்கு வருவோம்.

உடம்பு இளைப்பதை ஃபிக்சட் டெபாசிட் மாதிரி நினைக்காதீர்கள். ஒரே தடவை மொத்தமாகப் போட்டுவிட்டு மறந்துவிட முடியாது. இது ரெக்கரிங் டெபாசிட். சின்னத் தொகை, ஆனால் தவணை தவறக்கூடாது. அதனால், எந்த டயட் ஆரம்பிக்கும் முன்பும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். 'இதை அடுத்த பொங்கலுக்கும், அதற்கு அடுத்த பொங்கலுக்கும் செய்துகொண்டிருப்பேனா?' இல்லை என்றால் ஆரம்பிக்காதீர்கள். ஒரு மாதம் சோறே தொடாமல் இருப்பதைவிட, ஆயுள் முழுக்க ஒரு கரண்டி குறைத்து, அந்த இடத்தில் ஒரு கரண்டி கூட்டோ சுண்டலோ வைப்பது மேல். தினம் இரண்டு காபியில் இரண்டிரண்டு ஸ்பூன் சர்க்கரை போடுகிறவர், ஒவ்வொரு ஸ்பூனாக்கிப் பாருங்கள். ஒரு வாரம் கசக்கும். ஒரு மாதத்தில் பழைய காபி பாயசமாகத் தெரியும்.

ரொம்பக் குண்டாக இருக்கிறவர்கூட பி.எம்.ஐ. 23-ஐ இலக்காக வைத்துக்கொண்டு மாய வேண்டியதில்லை. இருக்கிற எடையில் ஐந்து சதவிகிதம் குறைந்தாலே ரத்தத்தில் நல்லது நடக்க ஆரம்பிக்கும். 80 கிலோ ஆசாமிக்கு அது நாலு கிலோ. நாலு கிலோவைக் குறைத்து, நாலு வருஷம் வைத்துக்கொண்டால் அதற்குப் பெயர் வெற்றி. 15 கிலோ குறைத்து 16 கிலோ திரும்ப வாங்குவதற்கு வேறு பெயர்.

வாரம் ஒரு நாள் எடை பாருங்கள். ஆனால், அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முன்பெல்லாம் ரயில்வே ஸ்டேஷன் மெஷினில் காசு போட்டால் ஓர் அட்டை வரும். ஒரு பக்கம் எடை, கூடவே ஜோசியம். எடை மெஷின் எதிர்காலம் சொல்லும் என்று நம்புகிற பழக்கம் நமக்கு அங்கிருந்து வந்ததோ என்னவோ! முள் நகராத வாரத்திலும் நடையை நிறுத்தாதீர்கள். அந்த 531 பேருக்கும் முள் பெரிதாக நகரவில்லை. நடந்தவர்களுக்குப் பலன் கிடைத்தது.

கடைசியாக ஒன்று. தனியாக ஆரம்பிக்காதீர்கள். எதிர் ஃபிளாட்காரர், மாமியார், கூட வேலை பார்க்கிறவர், யாராவது ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். முடிந்தால் நாளைக் காலையே, ஸ்டேஷனுக்கு வண்டியை எடுக்காமல் கொஞ்சம் முன்னதாகக் கிளம்பி நடங்கள்.

8.25-க்கு இறங்கி ஓடுவதும் எக்சர்சைஸ் கணக்கில்தான் வரும். அதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்!